மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே வீட்டில் பாடம்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி (சுருக்கமாக): ஈரோடு மாவட்டத்தில் தோட்டத்து வீட்டில் வசிக்கிறோம். மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கிறோம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டிலேயே பாடம் சொல்லித்தரத் தொடங்கி, பள்ளி திறந்த பிறகும் அதையே தொடர்ந்துவிட்டோம். மூத்த மகளுக்கு 13 வயது, மகனுக்கு 10, அடுத்த மகளுக்கு 7, சின்னவனுக்கு இரண்டரை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை ஓய்வில்லை. ஏழு வயது மகள் மரம், படம் என்று வாசிக்கிறாள்; கேணி, தோட்டம் என்று வந்தால் நின்றுவிடுகிறாள். மகன் கணக்கு என்றாலே எழுந்து ஓடுகிறான். மூத்தவள் தானே படித்துக்கொண்டு, தம்பி தங்கைக்கும் சொல்லித்தருகிறாள். சின்னவன் நோட்டைக் கிழிக்கிறான். கணவர் வேலை முடிந்து வர இரவு எட்டாகிறது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடு என்கிறார் மாமியார். ஜூன் மாதம் முதல் ஆண்டு முழுவதையும் எப்படித் திட்டமிடுவது? பத்தாம் வகுப்புத் தேர்வை மூத்தவள் எப்படி எழுதுவது? எங்கள் கால அட்டவணையையும் மகனின் கணக்கு நோட்டில் இரண்டு பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய கால அட்டவணையைத்தான் முதலில் பார்த்தேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். இரண்டு, ஐந்து, எட்டு என்று மூன்று வகுப்புகள். ஆக, நாளொன்றுக்குப் பதினைந்து பாடவேளைகளை ஒரே ஆள் நடத்துவதாக அதில் இருக்கிறது. பள்ளியில் ஒரு முழு நாளுக்கே எட்டுப் பாடவேளைகள்தான். அவற்றிலும் ஓர் ஆசிரியருக்கு ஒன்றிரண்டு ஓய்வுவேளை உண்டு. சமையலையும் சின்னவனையும் பார்த்துக்கொண்டு பதினைந்தை நடத்த எவராலும் முடியாது. மாலையில் நீங்கள் தளர்ந்துபோவதற்குக் காரணம் உங்கள் பொறுமைக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நான் பதினெட்டு ஆண்டுகள் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் மூன்றும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருந்தன. முதல் ஆண்டில் நீங்கள் செய்வதையேதான் நானும் செய்தேன். கரும்பலகையைச் சாக்பீஸால் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் அதன் புத்தகத்தை வரிசையாக நடத்தினேன். ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்ற இரண்டு வகுப்புகளும் காத்திருந்தன. ஒரு பிள்ளையின் நாளில் மூன்றில் இரண்டு பங்கு காத்திருப்பிலேயே கழிந்தது. பிற்பாடு செயல்வழிக் கற்றல் முறை வந்தது. ஆந்திரத்தில் ரிஷி வேலி கிராமப்புறப் பள்ளிகளில் உருவான, பிள்ளைகள் பாட அட்டைகளை ஒவ்வொன்றாகச் செய்து அவரவர் வேகத்தில் படிப்படியாக முன்னேறும் அட்டை முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுவதும் விரிந்த முறை அது. அதில் பல குறைகள் இருந்தன என்பது அதை நடத்திய எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, கற்றல் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பதும் இதே எண்ணத்தில்தான்.

இதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தால், பிள்ளைக்குப் பிள்ளை தனியாக உட்கார்ந்து நடத்தியே ஆகவேண்டியவை இரண்டுதான்: எழுத்தறிவும் கணக்கும். ஆங்கில வாசிப்பை எழுத்தறிவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். அறிவியல், சமூக அறிவியல், கட்டுரை, கதை, படம் வரைதல் எல்லாவற்றையும் மூவருக்கும் ஒரே பொருளில், அவரவர் ஆழத்துக்கு நடத்தலாம். நேரத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் என்கிறது. அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம். அதுவும் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லித்தரும் இருபது நிமிடத்தை அந்த நான்கு மணி நேரத்தோடு ஒப்பிட முடியாது.

ஏழு வயது மகளிடமிருந்து தொடங்குகிறேன். வீட்டில் இன்று அவசரமான வேலை அவளுடைய வாசிப்புதான். மரம், படம் வாசிக்கிறாள், கேணியில் நிற்கிறாள் என்று நீங்கள் எழுதியது மிகவும் உதவியான குறிப்பு. அவளுக்கு க, ப, ம போன்ற அகர வரிசை எழுத்துகளும் புள்ளி எழுத்துகளும் வந்துவிட்டன, கொம்பு வரவில்லை. ‘கே’ என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக்கொம்பு, அதன் பிறகுதான் க. காதுக்கோ முதலில் கேட்பது க், பிறகுதான் ஏ. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக ஒலித்துப் பழகிய குழந்தை இங்கே திகைப்பது நியாயம். ‘தோ’ இன்னும் கடினம். கொம்பு இடப்பக்கம், துணைக்கால் வலப்பக்கம், எழுத்து நடுவில். பெரியவர்களான நமக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

பழைய காலண்டர் அட்டையைச் சதுரமாக வெட்டி, க, த, ப, ம, ந, வ என்று ஆறு எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் ஆகியவற்றை வேறு நிறத்தில் தனி அட்டைகளில் எழுதுங்கள். நீங்கள் ‘மே’ என்று சொல்ல வேண்டும். அவள் முதலில் ம அட்டையை வைத்துவிட்டு, பிறகு அதன் இடப்பக்கம் கொம்பைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒலிக்கும் வரிசையில் கை வேலை செய்யும்போது, எழுத்து நிற்கும் வரிசை அவளுக்குத் தானாகவே புரிந்துவிடும். 216 உயிர்மெய் எழுத்துகளையும் அட்டவணையாக மனப்பாடம் செய்யவைக்காதீர்கள்; குறிகள் வந்துவிட்டால் எழுத்துகள் வந்துவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் விதிவிலக்கு. கு, சு, து, பு, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால், அவற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யுங்கள். நாள்தோறும் இருபது நிமிடம், வேறு யாருக்கும் பாடம் தொடங்குவதற்கு முன்பு, அவளோடு மட்டும் உட்காருங்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் இதில் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. மற்றவை விடுபட்டால் பாதகமில்லை.

உங்கள் மாமியாருக்கு எழுத்து தெரியாது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாலையில் பேத்தி அவருக்கு நாளிதழிலிருந்து நான்கு வரி வாசித்துக் காட்டட்டும். நமக்குத் தெரிந்ததையே நம்மிடம் ஒப்பிப்பது குழந்தைக்குப் பரீட்சை. பாட்டிக்குத் தெரியாததைப் பாட்டிக்குச் சொல்வது அப்படியல்ல; அங்கே வாசிப்புக்கு உண்மையான தேவை இருக்கிறது.

இனி மகனின் கணக்கு. நீங்கள் சிவப்பு மையில் அடித்திருந்த மூன்று விடைகளைப் பாருங்கள். 306-ஐ 3-ஆல் வகுத்து 12 என்கிறான். 412-ஐ 4-ஆல் வகுத்து 13 என்கிறான். 525-ஐ 5-ஆல் வகுத்து 15 என்கிறான். மூன்றிலும் தவறு ஒன்றே. ஈவில் வரவேண்டிய சுழியத்தை விட்டுவிடுகிறான். வாய்ப்பாடு அவனுக்குச் சரியாகத் தெரிகிறது, வகுக்கவும் தெரிகிறது, இட மதிப்புத்தான் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. மூன்று நூறு ரூபாய்த் தாளையும் ஆறு ஒரு ரூபாய் நாணயத்தையும் அவன் கையில் கொடுத்து, மூன்று பேருக்குப் பங்கிடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நூறு ரூபாயும் இரண்டு ரூபாயும் வரும். அதை 12 ரூபாய் என்று எழுத அவனுக்கே மனம் வராது. மூன்று வாரம் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இட மதிப்பை முடித்து வாருங்கள். எல்லா வகுப்புப் புத்தகங்களும் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்னங்களை அதற்குப் பிறகு தொடுங்கள்; இட மதிப்பு ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னத்தைத் தொட்டால் அவன் மறுபடியும் எழுந்து ஓடுவான்.

மூவருக்கும் ஒன்றாக நடத்தும் பொதுப்பாடத்துக்கு உங்களிடம் மஞ்சள் வயலே இருக்கிறது. வைகாசி, ஆனியில் நட்டு மாசி, பங்குனியில் வெட்டும் பயிர் அது; பள்ளி ஆண்டோடு கூடவே தொடங்கி, கூடவே முடிகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதை மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் செய்துகாட்டுங்கள். சின்னவள் மஞ்சள், சுண்ணாம்பு, சிவப்பு என்று மூன்று சொற்களை எழுதி, கீழே படம் வரையட்டும். மகன் அதே நீரில் எலுமிச்சைச் சாறு, சோப்பு நீர், மோர் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, எது நிறத்தை மாற்றுகிறது, எது மாற்றவில்லை என்று பட்டியல் போடட்டும். மூத்தவள் அமிலம், காரம், நிறங்காட்டி என்னும் பாடத்தை அதற்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். சமூக அறிவியலுக்கும் இதே பயிர் போதும். மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமையை, நம் நாட்டு அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி எதிர்த்ததால், 1997-இல் அது நீக்கப்பட்டது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு நல்ல கட்டுரைக்கு இவை இரண்டே போதும். அறுவடைக் காலத்தில் பச்சை மஞ்சள் ஒரு கிலோவை நிறுத்து, வேகவைத்துக் காயவைத்த பின் மறுபடியும் நிறுத்து, எத்தனை பங்கு மிஞ்சியது என்று மகன் கணக்கிடட்டும். அதற்குள் பின்னத்துக்கு வந்திருப்பான்.

ஐப்பசியில் மழை வந்ததும் இதே போல மழையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் கூரையில் 12 மில்லிமீட்டர் பெய்தால் 720 லிட்டர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் மகன் மழை நாளில் வீட்டுக்குள் வரமாட்டான். வாரக் கடைசியில் மூவரின் பாடநூல்களையும் புரட்டி, பொதுப்பாடத்தில் வந்துவிட்ட பகுதிகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் குறிபடாமல் நிற்கும் பாடங்கள் நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சின்னவனைப் பக்கத்து அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். இரண்டு வயது முடிந்த குழந்தைகளுக்கு அங்கே முன்பருவக் கல்வி உண்டு, மதிய உணவு உண்டு, ஒத்த வயதுப் பிள்ளைகளும் உண்டு. மூத்தவர்கள் வீட்டில் படிக்கிறார்கள் என்பதற்காக அவனும் வீட்டில் இருந்தாக வேண்டியதில்லை. அவன் திரும்பி வருவதற்குள் தனிப்பாடங்களை முடித்துக்கொண்டு, பொதுப்பாடத்தை அவன் இருக்கும் நேரத்தில் வையுங்கள். மண்ணையும் தண்ணீரையும் வைத்து நடக்கும் பாடத்தில் அவன் கிழிப்பதற்கு நோட்டு இருக்காது.

இப்போது மூத்த மகளைப் பற்றி. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி, ‘தம்பி தங்கைக்கும் சொல்லித்தருகிறாள்’ என்பதுதான். அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், பெருமைக்குரியதும்கூட. மூத்த பிள்ளை இளையவருக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளில் வேரூன்றியிருந்த வழக்கம். சட்டாம்பிள்ளை, அதாவது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவன், இல்லாத திண்ணைப் பள்ளி இல்லை. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்து, சிறுவர்களையே சிறுவர்களுக்கு ஆசிரியர்களாக்கினார். 1797-இல் அவர் லண்டனில் அதை நூலாக வெளியிட்ட பிறகு, ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. பல வயதுப் பிள்ளைகளை ஒரே இடத்தில் வைத்துக் கற்பிக்கும் எவரும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

நானும் வந்து சேர்ந்தேன். என் மூன்றாம் வகுப்பில் மிகவும் கெட்டிக்காரச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு, ஓராண்டு முழுவதும் நிம்மதியாக இருந்தேன். ஆண்டு இறுதியில் நோட்டுகளைத் திருத்த எடுத்தபோது, அவளுடைய கணக்கு நோட்டில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவள் சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். சொல்லாத குழந்தையைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். அந்த வெற்றுப் பக்கங்களை நான் மறக்கவில்லை.

ஆகவே மூத்தவள் கற்பிப்பது நாளுக்கு இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதுவும் தம்பிக்குச் சொல்வதெழுதுதல் கொடுப்பது போன்ற ஒரே வேலையாக, குறித்த நேரத்தில் இருக்கட்டும். அவளுக்கென்று காலையில் இரண்டரை மணி நேரம், யாரும் கூப்பிடாத இடத்தில் வேண்டும். தானே படித்துக்கொள்கிறாள் என்று விட்டுவிடாமல், வாரத்தில் இரண்டு முறை முக்கால் மணி நேரம் அவளோடு உட்கார்ந்து, படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை அவளுடைய அப்பாவின் நேரம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் உங்கள் இருவருக்கும் கடினமானால், தயங்காமல் பக்கத்து ஊரில் ஒரு டியூஷன் பாருங்கள்.

தேர்வுக்கு வழி இருக்கிறது, ஆனால் காலக்கெடு நெருங்கிவிட்டது. பள்ளியில் படிக்காதவர்கள் நேரடியாக எழுதுவதற்காக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை, பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எழுதலாம். உங்கள் மகள் இப்போதே தகுதி பெற்றுவிட்டாள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பதினான்கரை வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் போய்வர வேண்டும். இன்னொரு வழி, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பதினான்கு வயதில் அதன் பத்தாம் வகுப்பில் சேரலாம்; ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு; ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுதாமல், ஐந்து ஆண்டுக்குள் பிரித்து எழுதி முடிக்கலாம். பிளஸ் ஒன் படிக்க எந்தப் பள்ளியை நினைத்திருக்கிறீர்களோ, அங்கே இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முன்னரே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை இந்த ஆண்டே எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து. அது கையில் இருந்தால் ஒன்பதாம் வகுப்பில் சேரவும் கதவு திறந்திருக்கும், வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பு எழுதவும் கதவு திறந்திருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தப் பிரிவு தண்டனை எதையும் விதிக்கவில்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வரும் ஆசிரியர்களிடம் ஒளிக்க வேண்டாம். தேதி போட்ட நோட்டுகளையும் பொதுப்பாடக் குறிப்புகளையும் எடுத்துக் காட்டி, நடப்பதைச் சொல்லுங்கள். மூத்தவளுக்கு முன்பு படித்த பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணை (கல்வித் துறைப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள அடையாள எண்) தேடி எடுத்து வையுங்கள். திரும்பப் பள்ளியில் சேர்க்கும் நாளில் அது உதவும். இளையவர்கள் இருவரையும் எப்போது சேர்க்க நினைத்தாலும், 14 வயதுக்குள் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், ஆண்டின் நடுவில் வந்தார்கள் என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கின்றன.

ஆண்டைப் பள்ளிகளைப் போலவே மூன்று பருவமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் வரை சின்னவளின் வாசிப்பும் மகனின் இட மதிப்பும். டிசம்பர் வரை பொதுப்பாடத்துக்குக் கூடுதல் இடம். பொங்கலுக்குப் பிறகு மஞ்சள் வெட்டும் நாள்களில் பாடத்தை அரை நாளாக்கிவிடுங்கள். செப்டம்பர் முடிவில் ஒருமுறை, டிசம்பர் முடிவில் ஒருமுறை, நீங்களும் கணவரும் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சின்னவள் புதிய பக்கம் ஒன்றைத் தானாக வாசிக்கிறாளா, மகன் கணக்குக்குக் கூப்பிட்டால் வருகிறானா, நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா. டிசம்பரிலும் இவற்றுக்கு ஆம் என்ற விடை வராவிட்டால், ஒரு பிள்ளையையோ இருவரையுமோ பள்ளிக்கு அனுப்புவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். நால்வரும் ஒரே வழியில்தான் படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது: தோட்டத்து வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் வேண்டும். வாரத்தில் மூன்று மாலையாவது ஊருக்குள் விளையாட அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் மூத்த மகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன விரும்புகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. 2020-இல் அவளுக்காக நீங்கள் முடிவெடுத்தபோது அவள் சிறு குழந்தை. தனித்தேர்வு விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பு, தம்பி தங்கைகள் இல்லாத ஒரு மாலையில் அவளைத் தென்னந்தோப்புக்கு அழைத்துப்போய், ஒன்பதாம் வகுப்பைப் பள்ளியில் படிக்க விரும்புகிறாயா என்று கேளுங்கள். நீங்கள் மனம் வருந்துவீர்களோ என்று நினைத்து முதலில் ‘வேண்டாம்’ என்பாள். ஒரு வாரம் கழித்து, அவளுடைய அப்பாவை விட்டு மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள்.